மாடு ஒரு விலை, கயிறு ஒரு விலை

அப்புனு, நேத்து ராத்திரி போன்ல நீ சொன்னத நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டனான்னு ஒருக்காச் சொல்றேன், தப்புன்னா திருத்து. உன்கிட்ட விளையாட்டுப் பெட்டி ஒண்ணு ஏற்கெனவே இருக்குது. ஆடறதுக்குக் கைப்பிடியும் அதோடவே வந்துச்சு. இப்பத் தலையில கவுத்துக்க ஒரு மூடியும், புடிச்சு ஆட்டறதுக்கு ரெண்டு கைவளையமும் வேணும்ங்கற. அது விலை கொஞ்சநஞ்சமில்லை. உங்கம்மா முடியாதுன்னுட்டா. அதனால, "அப்பிச்சி சொன்னா அம்மா கேக்கும்"னு எனக்கு ஐஸ் வெச்சுப் பாக்கற. இவ்வளவுதானே?

நான் வேண்டாங்கல கண்ணு. காசக் குடுக்கறதுக்கு முந்தி கொஞ்சம் பேசுவம்ங்கறேன். கண்ணபுரம் சந்தையில நாப்பது வருசம் மாடு வாங்கி வித்தவன் நான். அங்க ஒரு வழக்கம் உண்டு. மாட்ட வித்தவன் கயித்தக் குடுக்க மாட்டான். பணத்த எண்ணி மடியில கட்டிக்கிட்டு, கயித்த அவுத்துத் தோள்ல போட்டுக்குவான். கயித்தோட லச்சுமி போயிருமாம். வாங்கினவன் புதுக்கயிறு போட்டு இழுத்துட்டுப் போகோணும். சந்தை வாசல்ல ஒருத்தன் கயித்துக்கடை விரிச்சு உக்காந்திருப்பான் பாரு, அவனுக்கு மழை வெயில் கவலை ஒண்ணுங் கெடையாது. மாடு வாங்கினவன் அவங்கிட்ட வந்துதான் ஆகோணும்.

உங்க பெட்டிக்காரனுகளும் அதே கடையத்தான் போட்டு உக்காந்திருக்கறானுக. ஒரே ஒரு வித்தியாசம். கயிறில்லாட்டி மாடு ஊடு வந்து சேராது. இவன் விக்கற கயிறு இல்லாமயே உன்ற மாடு ஜம்முன்னு நடந்துக்கிட்டிருக்குது. வம்பே அங்கதான்.

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நீ அங்க கமுக்கமாச் சிரிக்கறது எனக்குத் தெரியுது. நீ பொறந்த வருசம், 2010. பிரசவம் பாக்க நானும் உங்க அம்மிச்சியும் நியூஜெர்சி வந்து ஆறு மாசம் கெடந்தம். அம்மிச்சிக்கு வேலை இருந்துச்சு, பத்தியச் சோறு, வசம்பு, உன்னயக் குளுப்பாட்டறதுன்னு. எனக்கு? சன்னலோரம் உக்காந்து எதுத்த ஊட்டு மரத்துல அணில எண்ணறதுதான். மாமனார் சும்மா உக்காந்திருக்கறாரேன்னு உங்கப்பாவுக்கு வெசனம். வேலை முடிஞ்சு வந்தாருன்னா இந்தப் பெட்டிக கதையத்தான் வரிசையாச் சொல்லுவாரு. நானும் மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி ஒவ்வொண்ணாக் கேட்டு வெச்சுக்கிட்டேன். அதுக்கப்பறம் நடந்ததையெல்லாம் இங்க உன்ற மாமன் பையன் செல்லுல பாத்துப் படிச்சுக் காட்டறான்.

அங்க இருந்தப்ப, கூதக்காலத்துல ஒரு நாள் உங்கப்பா சிநேகிதர் ஊட்டுல விருந்து. சாப்புட்டு முடிச்சதும் மேசைய ஓரந்தள்ளி, சோபாவச் சமையல்கட்டு வாசல் வரைக்கும் இழுத்துவிட்டு, ஒரு கேமராப் பெட்டி முன்னால என்னைய நிறுத்திட்டாங்க. எவன் செஞ்ச பெட்டின்னு கேக்காதே, பேரு வேண்டாம். திரையில ஒருத்தன் நிக்கறான். நான் கையத் தூக்கினா அவனுந் தூக்கறான், நான் காலத் தூக்கினா அவனுந் தூக்கறான். சொன்ன பேச்சுக் கேக்கற ஆளு அறுவது வயசுக்கு மேல ஒருத்தன் கெடச்சானேன்னு எனக்குக் கர்வமாத்தான் இருந்துச்சு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நாலு பந்து ஒதைச்சேன். அப்பப் பாத்து உங்கப்பாவோட பெரியப்பா உள்ள வந்துட்டாரு. எனக்குச் சம்பந்தி முறை. மரியாதைக்கு மடிப்ப எறக்கிவிட்டேன் பாரு, திரையில நின்னவனுக்கு ரெண்டு காலும் பின்னிக்கிச்சு. முட்டி பின்னால மடங்குது, பாதம் இடுப்புக்கு வருது. பல்லி வால் அறுந்தாத் துடிக்குமே, அந்தக் கணக்கா ஒரு துடிப்பு. பெட்டி மேல குத்தமில்லை, வேட்டிய அதுக்கு யாரும் அறிமுகப்படுத்தி வெக்கலை. மறுபடி மடிச்சுக் கட்டினேன், அவன் எந்திரிச்சு நின்னுட்டான். சம்பந்தி முன்னால வேட்டிய எறக்கறதும் ஏத்தறதுமா நான் பட்டபாடு போதும். அன்னைக்கே முடிவு பண்ணினேன், இந்தச் சங்கதிய முழுசாத் தெரிஞ்சுக்காம ஊருக்குப் போறதில்லைன்னு.

கையை ஆட்டி ஆடற ஆசை புதுசில்லை அப்புனு. 1989லயே அமெரிக்காவுல பவர் குளோவ்னு ஒரு கையுறை வந்துச்சு. நிண்டெண்டோப் பெட்டிக்கு, பொம்மை செய்யற மேட்டல் கம்பெனி போட்டது. டிவி மூலையில ‘ட’ மாதிரி ஒரு சட்டத்த மாட்டி வெக்கோணும். கையுறையிலருந்து காதுக்குக் கேக்காத சத்தம் கெளம்பும், அத அந்தச் சட்டம் கேட்டுக்கிட்டு கை எங்க இருக்குதுன்னு கணக்குப் போடும். வௌவால் வித்தை. சினிமாவுலயே வந்துச்சு, பசங்க பைத்தியமாத் திரிஞ்சானுக. ஆனா அந்தக் கையுறைக்குன்னே வந்த விளையாட்டு எத்தனைங்கற? ரெண்டு. ஏர் வாங்கினவனுக்கு ரெண்டு சால் நெலம் மாதிரி. 1993ல செகா கம்பெனிக்காரன் தரையில எட்டு மூலைச் சட்டம் ஒண்ணப் போட்டு, அதுக்குள்ள நின்னு கையக் கால வீசுன்னான். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த ஒவ்வொரு பக்கமா மறிச்சா ஒவ்வொரு பொத்தான். கட்டை வெரல்ல அமுக்கற பொத்தான எட்டி ஒதைக்கச் சொன்னா எவன் ஒதைப்பான்? அதுவும் போச்சு.

மொதல்ல கெலிச்சவன் கயித்தையும் மாட்டோடவே குடுத்தவன். 2006 நவம்பர்ல நிண்டெண்டோ ‘வீ’ வந்துச்சு, 250 டாலர். ஆட்டற கோல் பெட்டியோடவே வந்துச்சு. அமெரிக்காவுல டென்னிசும் பந்து உருட்டறதும் இருக்கற விளையாட்டையும் சும்மாவே சேத்துக் குடுத்தான். வாங்கின எல்லா ஊட்டுலயும் கோல் இருக்குது, அதனால விளையாட்டு செய்யறவன் தைரியமாச் செஞ்சான். 10 கோடிக்கு மேல வித்துச்சு. அதுல ஒரு வேடிக்கை கேளு. டிவி மேல வெக்கறதுக்கு ‘சென்சார் பார்’னு ஒரு பட்டை வரும். பேருதான் சென்சார், அது எதையும் பாக்காது, கேக்காது. ரெண்டு கோடியிலயும் கண்ணுக்குத் தெரியாத வெளக்கு எரியும், அவ்வளவுதான். பாக்கற கண்ணு கோல்ல இருக்குது. பட்டைக்குப் பதிலா ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி வெச்சாலும் வேலை செய்யும். உங்கப்பா ஏத்தியே காட்டினாரு. உங்கம்மா ஓடி வந்து, புள்ளை இருக்கற ஊட்டுல நெருப்பு எதுக்குன்னு எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துத் திட்டினா.

இன்னொண்ணு. ‘செல்டா’ விளையாட்டுல வர்ற வீரன் பீச்சாங்கைக்காரன். கத்திய இடது கையிலதான் புடிப்பான். வாங்கறவனெல்லாம் சோத்தாங்கையில கோல வீசுவானேன்னு ரோசனை பண்ணி, 2006ல அந்த ‘வீ’ பெட்டிக்குப் போட்டப்ப மொத்த விளையாட்டையும் கண்ணாடியில பாத்த மாதிரி திருப்பிப் போட்டுட்டான். ஊரு, ஆறு, மலை எல்லாம் எடம் மாறிப்போச்சு. சூரியன் மேக்க உதிக்குது! கையத் திருத்தறதுக்குச் சூரியனையே அக்கட்டால தள்ளின ஆள நான் வேற எங்கயும் பாத்ததில்லை. அத்தனையும் பண்ணி, கோல வீசினா என்ன ஆகும்? வேற பெட்டியில பொத்தான அமுக்கினா என்ன ஆகுமோ அதேதான். பூம்பூம் மாட்டுக்காரனும் உறுமியத் தேச்சா மாடு தலையாட்டுது, தேய்க்காட்டியும் ஆட்டுது.

ஜனம் வீசின வீச்சுல மணிக்கட்டுக் கயிறு அறுந்து, கோல் பறந்து டிவியில மோதுச்சு. 2006 டிசம்பர்ல கம்பெனிக்காரன் 32 லட்சம் கயித்த மாத்தித் தர்றேன்னு அறிவிச்சான். 0.6 மில்லிமீட்டர் மொத்தம் இருந்த நூல 1 மில்லிமீட்டர் ஆக்கினான். மாட்டுச் சந்தையில கூட இவ்வளவு மெல்லிசாக் கயித்துல ஏமாத்தினவனில்லை. அடுத்த வருசம் பெரிய டாக்டருக புஸ்தகம் ஒண்ணுல, ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ங்கறாங்க, 29 வயசு டாக்டர் ஒருத்தருக்கு ஞாயித்துக்கிழமை எந்திரிக்கும்போது சோத்தாங்கைத் தோள்பட்டையில கடுமையான வலின்னு கடுதாசி வந்துச்சு. முந்தின நாள் மணிக்கணக்கா டிவி டென்னிசு. அந்த நோவுக்கு ‘வீயைட்டிஸ்’னு பேரே வெச்சுட்டாங்க. மருந்து என்ன தெரியுமா? வலி மாத்திரையும், ஒரு வாரம் அந்தப் பெட்டிப் பக்கமே போகாம இருக்கறதும். நம்மூரு எலும்பு வைத்தியர் இதையே தைலம் தேய்ச்சுச் சொல்லுவாரு.

கயித்த எனாமாக் குடுத்தவனும் அப்பறம் சலங்கை, நெத்திப்பட்டம், கொம்புக்குப்பின்னு ஒவ்வொண்ணாத் தனியா விக்க ஆரம்பிச்சான். 2009ல கோலுக்கு அடியில சொருக ‘மோஷன் ப்ளஸ்’னு ஒரு துண்டு வந்துச்சு. மொதக் கோலுக்கு ஆட்டறதும் சாய்க்கறதுந்தான் நல்லாத் தெரியும், வெசையா மணிக்கட்டத் திருப்பினா தடுமாறும், அதுக்கு இந்தத் துண்டு. அப்ப 2006ல ‘உன் கை அசைவெல்லாம் புடிச்சுருவேன்’னு வித்தது எதைய? கேட்டா, தொழில்நுட்பம் வளருதும்பான். ஏறி நிக்கற பலகை ஒண்ணும் வந்துச்சு, உள்ள நாலு மூலைக்கும் எடை பாக்கற சங்கதி வெச்சு. அதையக் குத்தம் சொல்ல மாட்டேன், பக்கவாதம் வந்தவங்க நிமிந்து நிக்கப் பழகறதுக்கு வைத்தியருங்களே அத வாங்கி வெச்சுக்கிட்டாங்க. காரு ஓட்டற விளையாட்டுக்கு ஒரு ஸ்டியரிங் வளையமும் வந்துச்சு. அதுக்குள்ள ஒயரு இல்லை, பேட்டரி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் பிளாஸ்டிக், நடுவால கோலச் சொருக ஒரு குழி. கோல மட்டும் படுக்கப் புடிச்சுத் திருப்பினாலும் காரு திரும்பும். ஒரு ஊட்டு வாசல்ல பழைய சாமான் வித்துக்கிட்டிருந்தாங்க, அதுல இந்த வளையம் 1 டாலருக்குக் கெடச்சுது. நான் வாங்கிக்கிட்டேன். உங்கம்மா எதுக்குங்கப்பான்னு கேட்டா. பாத்துக்கலாம் போன்னேன்.

நாங்க வந்த அந்த வருசத்துலதான் மத்த ரெண்டு கம்பெனிக்கும் ஒரே நேரத்துல ஆசை வந்துச்சு. செப்டம்பர்ல சோனிக்காரன் ‘மூவ்’ விட்டான். கோல் நுனியில மிட்டாய் மாதிரி ஒரு உருண்டை எரியும், டிவிகிட்ட வெச்ச கேமரா அதையப் பாக்கும். உருண்டை பெருசாத் தெரிஞ்சா கை கிட்டத்துல, சிறுசாத் தெரிஞ்சா தூரத்துல. நல்ல கணக்கு, குத்தமே சொல்ல முடியாது. விலையப் பாரு. கேமரா, ஒரு கோல், ஒரு விளையாட்டு சேத்து 100 டாலர். கோல் மட்டும்னா 50. நாலு பேரு இருக்கற ஊட்டுல ஆளுக்கொண்ணு வாங்கினா 250 டாலர். பெட்டி அப்ப 300. மாடு முன்னூறு, கயிறு எரநூத்தம்பது! நடந்து போறதுக்கு இன்னொரு கைக்குத் தனிப்பிடி 30 டாலர்னு உங்கப்பா சொல்லும்போது நான் காதப் பொத்திக்கிட்டேன்.

நவம்பர்ல மைக்ரோசாஃப்ட்காரன் ‘கினெக்ட்’ விட்டான், 150 டாலர். கோலே வேண்டாம், நீயேதான் கோலுன்னான். பெட்டிக்குள்ளருந்து கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள அறை பூராத் தெளிக்கும். வாசல்ல புள்ளி வெச்சுக் கோலம் போட்டா, தரை மேடு பள்ளமா இருந்தாப் புள்ளி வெலகுமில்ல? எந்தப் புள்ளி எவ்வளவு வெலகிச்சுன்னு பாத்தே உன்ற மூக்கு எங்க, முட்டி எங்கன்னு கண்டுபுடிச்சிரும். பெரிய வித்தைதான். 60 நாள்ல 80 லட்சம் வித்து கின்னஸ்ல ஏறுச்சு. ஆனா ஒருத்தன் ஆட 6 அடி தள்ளி நிக்கோணும், ரெண்டு பேருன்னா 8 அடி. விளையாட்டுக்காக வாங்கினவனெல்லாம் ஊட்ட அளந்தான். நம்ம ஆசாரத்துல கல்யாணத்துக்கே பந்தி போடலாம். அங்க அடுக்குமாடியில இருக்கறவன் என்ன பண்ணுவான்? எங்களையாட்டம் சோபாவத் தூக்கிச் சமையல்கட்டுல வெக்க வேண்டியதுதான்.

இப்ப முக்கியமான கணக்குக்கு வாரேன், இத மட்டும் காது குடுத்துக் கேளு. 2013 ஆரம்பத்துல மைக்ரோசாஃப்ட் பெட்டி 7 கோடியே 60 லட்சம் ஊட்டுல இருந்துச்சு. கினெக்ட் 2 கோடியே 40 லட்சம். மூணு ஊட்டுக்கு ஒண்ணு. நீ விளையாட்டு செய்யறவன்னு வெச்சுக்க. மூணு வருசம், நூத்துக்கணக்கான ஆளு, கோடிக்கணக்குல காசு கொட்டறே. மூணு ஊட்டுலயும் ஓடற மாதிரி செய்வியா, ஒரு ஊட்டுல மட்டும் ஓடற மாதிரி செய்வியா? மூணுக்கும் செஞ்சுட்டு, அந்த ஒரு ஊட்டுக்காரன் மனசு நோகக்கூடாதேன்னு ஓரமா, ‘கையக் காட்டினாக் கதவு தொறக்கும்’னு எதையாவது ஒண்ணச் சேத்து வெப்பே. பந்தியில உப்பு வெச்ச மாதிரி. அவன் வாங்கினவன், "எனக்குன்னு நல்ல விளையாட்டே வரலையே"ம்பான். அதையக் கேட்டு அடுத்தவன் வாங்க மாட்டான். வாங்காததுனால விளையாட்டு வராது. வெள்ளாமை இல்லைன்னு கெணறு வெட்டலை, கெணறு வெட்டலைன்னு வெள்ளாமை இல்லை.

இது கம்பெனிக்காரனுக்குப் புரிஞ்சு போச்சு. 2013 நவம்பர்ல புதுப் பெட்டி விட்டப்பக் கினெக்டப் பெட்டியோடவே கட்டிக் குடுத்தான், வேண்டாம்னு சொல்ல வழியில்லாம. விலை 500 டாலர். பக்கத்துக் கடைக்காரன் கேமரா இல்லாம 400 சொன்னான். ஜனம் எந்தப் பக்கம் போச்சுன்னு நான் சொல்லோணுமா? 2014 ஜூன்ல கினெக்ட அவுத்துட்டு இவனும் 400 ஆக்கினான். கூடவே இன்னொண்ணும் நடந்துச்சு. அந்தக் கேமராவுக்குன்னு படம் வரையற பலத்துல பத்துல ஒரு பங்கு வரைக்கும் ஒதுக்கி வெச்சிருந்தானாம், அதையும் விளையாட்டு செய்யறவனுக்கே விட்டுக் குடுத்தான். கயித்துக்கும் சேத்துத் தீவனம் வெச்சுக்கிட்டிருந்திருக்கான், மசையன்! 2017ல செய்யறதையே நிறுத்திட்டான்.

விளையாட்டுக்கு ஆகாதது வேலைக்கு ஆச்சுங்கறது தனிக்கதை. அந்தக் கேமரா வந்த வாரமே, அதையக் கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டறவனுக்கு 3000 டாலர் தர்றம்னு நியூயார்க்ல ஒரு மின்சாமான் கம்பெனி சொல்லுச்சு. ஸ்பெயின்காரப் பையன் ஒருத்தன் ஓட்டிட்டான். ரோபோ செய்யறவன், ஆராய்ச்சி பண்றவனெல்லாம் 150 டாலர்ல இப்படி ஒரு கண்ணான்னு அள்ளிக்கிட்டுப் போனான். டொரண்டோவுல ஆஸ்பத்திரி டாக்டருக ஆபரேசன் நடுவால ஸ்கேன் படத்தக் கை படாமத் தள்ளிப் பாத்தாங்க. புள்ளி தெளிக்கற வித்தையச் செஞ்சது இஸ்ரேல்ல ப்ரைம்சென்ஸ்னு ஒரு கம்பெனி. 2013ல அத ஆப்பிள்காரன் வாங்கிட்டான். மூஞ்சியக் காட்டினாத் தொறக்குதே உன்ற போன், அதுவும் புள்ளி தெளிச்சுத்தான் பாக்குது. உங்கப்பா சோபா தூக்கின வித்தைய நீ சட்டைச் சோப்புக்குள்ள வெச்சுக்கிட்டுத் திரியறே.

‘மூவ்’ கதை இன்னும் வேடிக்கை. ஆறு வருசம் அட்டாலியில கெடந்துச்சு. 2016ல சோனிக்காரனே தலையில மாட்டற மூடிய விட்டப்ப, அதுக்குக் கைன்னு இந்தப் பழைய கோலையே எடுத்துக்கன்னுட்டான். எடுத்துப் பாத்தா, சார்ஜ் போடாம ஆறு வருசம் வெச்சிருந்தா பேட்டரி எங்க இருக்கும்? நீ எத வாங்கினாலும் மாசத்துக்கு ஒருக்காவாச்சும் சார்ஜ் போடு. காய்ஞ்ச மாட்டுக்கும் தண்ணி காட்டறதில்லையா?

உருப்பட்டது ஒண்ணுண்டு, மறைக்க மாட்டேன். 2019ல நிண்டெண்டோ ‘ரிங் ஃபிட்’னு ஒண்ணு விட்டான். அமுக்கறதுக்கு ஒரு வளையம், தொடையில கட்டறதுக்கு ஒரு பட்டி, ஒரே ஒரு விளையாட்டு. மத்ததெல்லாம் பெட்டியோட வந்த கைப்பிடிதான், அதக் கழட்டி இதுல சொருகிக்கலாம். வளையத்துக்காக எவனும் விளையாட்டத் தேடி அலையலை. அந்த விளையாட்டு வேணும்னவன் வளையத்த வாங்கினான். ஒண்ணரைக் கோடிக்கு மேல வித்துச்சு. உங்கம்மாவுக்கு அது ஆகும். எனக்கு ஆகாது, தொடைப்பட்டிய வேட்டி மேல கட்டறதா உள்ள கட்டறதான்னு ரெண்டாம் பஞ்சாயத்து வந்துரும்.

சரி, உன்ற சங்கதிக்கு வா. நீ கேக்கற சோனி மூடி 2023 பிப்ரவரியில வந்தப்ப 550 டாலர். பெட்டியே அப்ப 500தான். ரெண்டு வருசங் கழிச்சு 400க்கு எறக்கினான். முந்தின மூடிக்கு ஜனங்க வாங்கி வெச்ச விளையாட்டு, செஞ்சவனே திருத்திக் குடுத்தாலொழிய, இதுல ஓடாது. நான் ரெண்டே கேள்வி கேக்கறேன். அதுல ஆடோணும்னு உனக்கு இப்பவே ஆசையா இருக்கற விளையாட்டு எத்தனைன்னு ஒரு தாள்ல எழுதிக் காட்டு. ‘இனிமே வரும்’னு ஒண்ணும் எழுதப்படாது, செனை மாட்டுக்குக் கன்னுக்கும் சேத்து விலை சொல்லறவன் பேச்சு அது. ரெண்டாவது, உன்ற சிநேகிதன் எவனாவது வாங்கியிருந்தா, கடைசியா எப்ப மாட்டினான்னு கேளு. எப்ப வாங்கினேன்னு கேக்காதே, அதச் சந்தோசமாச் சொல்லுவான்.

தாள்ல அஞ்சு பேரு இருந்துச்சுன்னா என்ற சிலுவாட்டுக் காசுல பாதி நான் போடறேன். உங்கம்மாகிட்டச் சொல்லாதே. அம்மிச்சிகிட்ட அதவிடச் சொல்லாதே.

அந்த 1 டாலர் வளையம் என்னாச்சுன்னு கேப்பே, அது பத்தரமா இங்கதான் இருக்குது. பண்ணயத்துல வேலை செய்யறவங்க பையன், அஞ்சு வயசு, அதப் புடிச்சுக்கிட்டு வாயாலயே கியர் போட்டு, தொண்டுப்பட்டியச் சுத்தி பஸ் ஓட்டறான். பொழுதோட காங்கயத்துக்கு ரெண்டு நடை. நேத்து நானும் அவன் சட்டையப் புடிச்சுக்கிட்டு ஏறினேன். பாதி வழியில நிறுத்தி, டிக்கெட் அஞ்சு ரூவாங்கறான். குடுத்தேன். என்ற கைத்தடியக் காட்டி, அதுக்கு லக்கேஜ் தனியாம்.